20 நிமிடம் ஓடி நின்றுவிடும் டிராக்டர்: டேங்கில் குப்பையா, பம்ப்பா?

வண்டல்மண் (திருத்துறைப்பூண்டி பக்கம்) | செவ்வாய், இரவு 8:40

வணக்கம். 35 எச்.பி. டிராக்டர், மூன்று சிலிண்டர், அப்பா வாங்கிய வண்டி. நாற்று பறிக்கத் தயாராக நிற்கிறது, சேற்றுழவு பாதியில் கிடக்கிறது. கொஞ்சம் அவசரம்.

காலையில் முதல் அடியிலேயே ஸ்டார்ட் ஆகிறது. கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புச் சக்கரம்) மாட்டி ரோட்டவேட்டரை இறக்கினால் 15, 20 நிமிடம் நன்றாக ஓடுகிறது. அப்புறம் மூச்சு வாங்குகிற மாதிரி ஏறி இறங்கி, இழுவை போய், அப்படியே அடங்கிவிடுகிறது. உடனே செல்ஃப் அடித்தால் எடுக்காது. வரப்பில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு வந்து அடித்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி எடுக்கிறது. மறுபடி 20 நிமிடம்தான்.

இரண்டு டீசல் ஃபில்டரும் மாற்றியாயிற்று. டீசல் பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்றி (ஏர் எடுத்து) பார்த்தாயிற்று. டவுனில் வண்டியைப் பார்த்த மெக்கானிக், பம்ப் போய்விட்டது, கழற்றி அனுப்பவேண்டும், 15,000 ரூபாய்க்குக் குறையாது என்கிறார். செய்துவிடலாமா?

கரிசல்துண்டு | செவ்வாய், இரவு 8:52

டீ குடித்தால் சரியாகிறதென்றால் டீக்கடைப் பக்கமாகவே உழுதுகொண்டு போங்கள்.

சும்மா சொன்னேன். பெரியவர் வருகிற வரை பம்ப்பில் கை வைக்காதீர்கள்.

பழையபட்டறை (தஞ்சாவூர்) | செவ்வாய், இரவு 9:30

தம்பி, 15,000 ரூபாயை வெளியே எடுக்கும் முன் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

கழற்றிய பழைய ஃபில்டர் எப்படி இருந்தது? சேறாக இருந்ததா, சுத்தமாக இருந்ததா?

பம்ப்பிலிருந்து நாசிலுக்கு (எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற முனை) போகிற மூன்று பைப்பும் ஒரே வரிசையாகக் கிளம்புகிறதா, வட்டமாகக் கிளம்புகிறதா?

வண்டி அடங்கியவுடன் டேங்க் மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்கிறதா?

வண்டல்மண் | செவ்வாய், இரவு 9:48

பழைய ஃபில்டர் ஓரளவு சுத்தம்தான் ஐயா. மாற்றியது வீண் செலவோ என்றுகூட நினைத்தேன். பைப் மூன்றும் ஒரே வரிசை.

மூடி... இல்லை. தொலைந்து இரண்டு வருஷம் ஆகிறது. கெட்டியான பிளாஸ்டிக் கவரை நாலாக மடித்துப் போட்டு, சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி இறுக்கியிருக்கிறோம். மழைத்தண்ணீர் இறங்காது.

கரிசல்துண்டு | செவ்வாய், இரவு 9:50

ஆஹா.

அறுவடைவண்டி (ஆத்தூர்) | செவ்வாய், இரவு 10:15

நான் நெல் அறுக்கிற வண்டி ஓட்டுகிறேன். தை மாதம் முழுக்க உங்கள் ஊர்ப்பக்கம்தான். இதே தொல்லையில் இரண்டு நாள் வயலிலேயே படுத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

டீசல் எடுக்க எடுக்க அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போகவேண்டும். அதற்காகத்தான் மூடியில் சின்ன ஓட்டை வைக்கிறார்கள். டியூப் போட்டு இறுக்கினால் காற்று போக வழியில்லை. ஃபீட் பம்ப் (டேங்கிலிருந்து டீசலை இழுத்துப் பெரிய பம்ப்புக்குத் தள்ளுகிற சின்ன பம்ப்) இழுத்துப் பார்த்து முடியாமல் விட்டுவிடும். கொஞ்ச நேரம் நிறுத்தினால் எங்காவது சந்துபொந்து வழியாகக் காற்று இறங்கும், வண்டி எடுக்கும். நாளைக்குக் கவரைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

அப்படியும் நின்றால் பம்ப்பைச் சந்தேகப்படலாம். சூட்டில் எடுக்காமல் ஆறினால் எடுக்கிறது என்பது தேய்ந்த பம்ப்பின் குணம். ஈரச்சாக்கைப் பம்ப் மேல் போட்டு ஆறவைத்து ஸ்டார்ட் செய்தவன் நான்.

பழையபட்டறை | செவ்வாய், இரவு 10:40

மூடி விஷயம் சரி. பம்ப் விஷயத்தில் எனக்குச் சம்மதமில்லை.

ஆத்தூர்க்காரர் சொல்வது ரோட்டரி பம்ப்புக்கு, பைப் வட்டமாகக் கிளம்புமே, அதற்கு. அது தேய்ந்தால் சூட்டில் ஸ்டார்ட் ஆகச் சண்டித்தனம் செய்யும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற வண்டி மூச்சு வாங்கி அடங்குவது பெரும்பாலும் அதன் வேலை இல்லை. இவருடையது வரிசை பம்ப். 'மைக்கோ பம்ப்' என்று நாங்கள் சொல்வோம். கம்பெனி 2008-லேயே பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டுவிட்டது, பட்டறையில் மட்டும் இன்னும் மைக்கோதான். நல்ல டீசல் போகிறவரை அது அவ்வளவு சீக்கிரம் படுக்காது.

ஏறி இறங்கி அடங்குகிறதென்றால் டீசல் போய்ச் சேரவில்லை. ஃபில்டர் சுத்தமாக இருந்தது என்பதுதான் முக்கியமான துப்பு. குப்பை ஃபில்டர் வரைக்குமே வரவில்லை. அதற்கு முன்னாலேயே, டேங்க் அடியில் டீசல் வெளியேறுகிற வாயிலோ, காக்கிலோ (டீசலைத் திறந்து மூடுகிற குழாய்த் திருகு), ஹோஸிலோ எதுவோ உட்கார்ந்திருக்கிறது. இழுக்கும்போது வாயை அடைக்கும். நின்றதும் இழுப்பு விட்டுப்போய்த் தானாக விலகும். விலகினதும் டேங்க் மேலே இருப்பதால் டீசல் தானே கீழே இறங்கி பைப்பை நிரப்பிக்கொள்ளும். உங்கள் டீக்கு உள்ள மகிமை இவ்வளவுதான்.

காலையில் செய்யவேண்டியது: காக்கை மூடுங்கள். ஃபீட் பம்ப்புக்கு வருகிற ஹோஸை அந்த முனையில் கழற்றி ஒரு சுத்தமான கேனில் விடுங்கள். காக்கைத் திறந்து பாருங்கள். இங்கேதான் எல்லோரும் ஏமாறுவார்கள். ஒரு வாட்டர் பாட்டிலில் பிடித்துப் பார்த்துவிட்டு 'நன்றாக வருகிறது' என்று மூடிவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். முழு கேனும் நிரம்புகிறவரை உட்கார்ந்து பாருங்கள். உங்கள் வண்டி லோடில் மணிக்கு 4, 5 லிட்டர் குடிக்கும், அவ்வளவுதான். திறந்துவிட்டால் அதைப்போலப் பல மடங்கு கொட்டவேண்டும், கொட்டிக்கொண்டே இருக்கவேண்டும்.

வண்டல்மண் | புதன், காலை 9:20

முதலில் கவரைத் தளர்த்திவிட்டு ஓட்டினேன். 25 நிமிடம் தாங்கியது, பிறகு அதே கதை. ஆக, காற்று மட்டும் காரணமில்லை.

அப்புறம் ஹோஸைக் கழற்றி 20 லிட்டர் கேனில் விட்டேன். முதல் மூன்று நிமிடம் சுண்டுவிரல் கனத்துக்குக் கொட்டியது. அதன் பிறகு ஊசிநூல் மாதிரி ஆகி, சொட்டுச் சொட்டாகி, நின்றேவிட்டது. டேங்கில் பாதிக்கு மேல் டீசல் இருக்கிறது!

ஹோஸ் முனையில் வாய் வைத்து ஊதினேன். டேங்குக்குள் 'குபுகுபு' என்று சத்தம். திரும்ப சுண்டுவிரல் கனம்.

கரிசல்துண்டு | புதன், காலை 9:24

15,000 மிச்சம். பார்ட்டி எப்போது?

கொங்குக்காடு (கோபி) | புதன், காலை 9:41

கண்டுபிடித்தாயிற்று, இனி ஐந்து நிமிட வேலை. பஞ்சர் கடைக்கு ஓட்டிப்போய் கம்ப்ரஸர் ஹோஸை வைத்துக் கீழிருந்து மேலே ஒரு அடி அடியுங்கள். என் மஞ்சள்காட்டு வண்டிக்கு வருஷம் இரண்டு தடவை அப்படித்தான் செய்கிறேன்.

பழையபட்டறை | புதன், காலை 10:05

கொங்குக்காரரே, வருஷம் இரண்டு தடவை செய்கிறேன் என்கிறீர்களே, அதிலேயே பதில் இருக்கிறது. அடித்த குப்பை எங்கே போகிறது? டேங்குக்குள்தானே? நீங்கள் குப்பையை எடுக்கவில்லை, வீட்டுக்குள் திருப்பி அனுப்புகிறீர்கள்.

இன்னொன்று. டீசல் ஊற்றுகிற மேல்வாயை மூடி வைத்துக்கொண்டு லாரி டயருக்கு அடிக்கிற காற்றை அதில் விட்டால் தகரம் உப்பி, ஓரத் தையல் பிளந்துவிடும். ஒரு டேங்க் பந்து மாதிரி ஆகி வந்ததைப் பார்த்திருக்கிறேன். அடித்தே ஆகவேண்டுமென்றால் வாய் திறந்திருக்கவேண்டும், காற்றை நன்றாகக் குறைத்துக்கொள்ளவேண்டும், ஹோஸ் ஃபீட் பம்ப்பிலிருந்து கழன்றிருக்கவேண்டும், முகத்தை டேங்க் வாய்க்கு நேராக வைக்கக்கூடாது. பம்ப் பக்கம் நோக்கி அடிக்கவே கூடாது. குப்பை போய்ச் சேரக்கூடாத இடமே அதுதான்.

கொங்குக்காடு | புதன், காலை 10:12

சரிங்க, ஒத்துக்கிறேன். அவசரத்துக்கு ஓடுமே என்றுதான் சொன்னேன்.

பழையபட்டறை | புதன், காலை 10:20

அவசரத்துக்கு ஓடும், மறுக்கவில்லை. தம்பி, நாற்று வாடும் என்றால் இன்று ஊதி ஊதி உழவை முடித்துவிடுங்கள். நாளை டேங்கை இறக்குங்கள். டீசலை வாயால் உறிஞ்சி எடுக்காதீர்கள். அடியில் திருகு இருந்தால் அதைக் கழற்றி வடியுங்கள், இல்லாவிட்டால் காக் வழியாகவே வடியுங்கள்.

வன்னிவயல் (கிளிநொச்சி) | புதன், பகல் 12:30

வாயால் உறிஞ்ச வேண்டாம் என்று ஐயா சொன்னதை நானும் ஒருக்கால் சொல்கிறேன். 2022 இல் இங்கே டீசல் தட்டுப்பாடு. கியூ ஆர் அட்டைக்குக் கிடைக்கிற அளவை ஒரு சொட்டும் வீணாக்காமல் பரலிலும் கானிலும் சேர்த்து வைத்தோம். பரலிலிருந்து ரியூப் போட்டு உறிஞ்சிய என் மச்சானுக்கு ஒரு வாய் டீசல் உள்ளே போய்விட்டது. இருமல், மூச்சுத் திணறல். வீட்டில் இருந்தவர்கள் உப்புத்தண்ணி குடுத்துச் சத்தி (வாந்தி) எடுக்க வைக்கப் பார்த்தார்கள். நல்லவேளை பக்கத்து வீட்டு நேர்ஸ் பிள்ளை ஓடிவந்து தடுத்தா. வயிற்றில் கிடக்கிற டீசலைவிட, சத்தி எடுக்கும்போது சுவாசப்பைக்குள் இறங்குகிற டீசல்தான் பொல்லாதது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

சேர்த்து வைத்த டீசலால் வந்த இன்னொரு கரைச்சல்: அந்தச் சிறுபோகத்தில் எங்கட லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) ஒன்றுவிட்ட ஒரு நாள் நின்றது. பில்டர் கிண்ணத்தைக் கழற்றினால் கறுப்பாய், பாசி மாதிரி வழுவழுவென்று ஒன்று. துருவும் இல்லை, மண்ணும் இல்லை. அது என்னவென்று இன்றைக்கும் விளங்கவில்லை.

மண்ணும்மருந்தும் | புதன், பகல் 1:15

உயிருள்ள சாமான் அது. டீசலைவிடத் தண்ணீர் கனம், அதனால் பீப்பாயில் இறங்கிய ஈரம் அடியில் போய் நிற்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கிற கோட்டில் பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேறும், தண்ணீரில் வாழ்ந்துகொண்டு டீசலைத் தின்னும். ஹார்மோகோனிஸ் ரெசினே என்று ஒரு பூஞ்சை, மண்ணெண்ணெயிலும் விமான எரிபொருள் டேங்கிலும்கூட வளரும். அது விடுகிற அமிலம் தகரத்தையும் அரிக்கும். அடித் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிட்டால் அதற்கு இருக்க இடமில்லை.

நாகமுலாம் பூசிய, அதாவது கால்வனைஸ் செய்த டின்னில் டீசலைச் சேர்த்து வைக்காதீர்கள். டீசல் நாகத்தோடு சேர்ந்து மண்டி உண்டாக்கும், அதுவும் ஃபில்டரில்தான் போய் நிற்கும்.

வன்னிவயல் | புதன், பகல் 1:40

எங்கட பரலின் அடியில் ஒரு சாண் தண்ணி நின்றது. இப்ப விளங்குது. நன்றி.

வண்டல்மண் | வியாழன், மாலை 5:50

டேங்கை இறக்கிவிட்டேன். படம் ஏற மாட்டேன் என்கிறது, எழுதியே காட்டுகிறேன்.

டீசலை வடிக்கும்போது அப்பாவின் பழைய வேட்டித்துணியை நாலு மடிப்பாக வைத்து வடிகட்டினேன். துணியில் நின்றவை: ஒரு கைப்பிடி உமி. வைக்கோல் துணுக்கு. துருச்செதில், சில்லறைக் காசு அளவுக்குக்கூட ஒன்றிரண்டு. பைப் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப்பின் நூல்கள். ஒரு செத்த குளவி. அடியில் கறுப்பு வழுவழுப்பு கொஞ்சம், வன்னி அண்ணன் சொன்னதே இதுதான் போல.

எல்லாவற்றுக்கும் மேலே, கட்டைவிரல் நகம் அளவில் ஏழெட்டு பிளாஸ்டிக் துண்டுகள். நிறத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மூடிக்குப் பதிலாகக் கட்டுகிற கவர்தான். வெயிலில் காய்ந்து முறுமுறுவென்று ஆகி, ஒவ்வொரு முறை டியூபை இழுத்து மாட்டும்போதும் ஓரம் பிய்ந்து உள்ளே விழுந்திருக்கிறது. ஒரு துண்டில் ஜவுளிக்கடைப் பெயரின் கடைசி இரண்டு எழுத்து இன்னும் இருக்கிறது.

அதில் ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடுவில் வட்டமாக, மோதிரம் வைத்து அழுத்திய மாதிரி ஒரு தடம். டேங்க் அடியில் டீசல் வெளியேறுகிற குழாயின் மேல் வைத்தால் அச்சாகப் பொருந்துகிறது ஐயா! இத்தனை நாள் என்னை வரப்பில் உட்காரவைத்தது இதுதான்.

அந்தக் குழாய் டேங்கின் அடியிலிருந்து ஒரு அங்குலம் மேலே எழும்பி நிற்கிறது. அதன் தலையில் வலை எதுவும் இல்லை. இருந்த அடையாளம் மட்டும் இருக்கிறது.

அறுவடைவண்டி | வியாழன், மாலை 6:10

வலையை யாரோ பிடுங்கிப் போட்டிருப்பார்கள். 'அடிக்கடி அடைக்கிறது' என்று எடுத்துவிடுவது டிரைவர்கள் வழக்கம். (நானும் ஒருமுறை செய்திருக்கிறேன், முதலாளி இதைப் படிக்க மாட்டார்.)

உமி உங்கள் கேனிலிருந்துதான் வந்திருக்கும். களத்தில் வாய் திறந்து வைத்த கேன், களத்தில் கிடந்த புனல்.

பழையபட்டறை | வியாழன், மாலை 7:00

குழாய் எழும்பி நிற்பது தண்ணீரும் மண்டியும் அடியில் தங்கட்டும் என்பதற்காக. அதை வெட்டிக் குட்டையாக்கிவிடாதீர்கள், அப்படிச் செய்கிற புத்திசாலிகளும் இருக்கிறார்கள்.

இனிக் கழுவுவது. காக்கைக் கழற்றிவிட்டு அந்த வாயை அடையுங்கள். ஒரு முழம் இரும்புச் சங்கிலியை உள்ளே விட்டு, மறுமுனையைக் கட்டுக்கம்பியில் கட்டி வெளியே வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனி நட்டாகப் போட்டால் ஒன்று உள்ளேயே தங்கிவிடும், பிறகு அதற்கு இந்த மன்றத்தில் ஒரு தனி இழை போடவேண்டியிருக்கும். ஐந்து லிட்டர் டீசல் விட்டு, இரண்டு பேர் பிடித்து எல்லாப் பக்கமும் உருட்டிக் குலுக்குங்கள். வடியுங்கள். வடிகிற டீசல் துணியில் கறை விடாத வரைக்கும் திரும்பத் திரும்ப. மூன்று நான்கு தடவை ஆகும். பெட்ரோல் விட்டுக் கழுவாதீர்கள். சோப்புத்தண்ணீரும் வேண்டாம், மடிப்புகளில் நிற்கிற தண்ணீரை முழுதாக வெளியேற்றுவது பெரும்பாடு.

ஹோஸைப் புதிதாகப் போடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பழைய ரப்பர் வெளியே பளபளப்பாக இருக்கும், உள்தோல் உரிந்து நாக்கு மாதிரி தொங்கும். ஊதினால் வழிவிடும், இழுத்தால் அடைக்கும். இதே நோய்க்குறிதான் காட்டும். டீசலுக்கென்று விற்கிற ஹோஸைக் கேட்டு வாங்குங்கள். டீசல் ஓடுவது தெரியட்டும் என்று கண்ணாடி மாதிரி டியூப் போடுவார்கள், ஒரு கோடை தாண்டினால் கல்லாகி விரிசல் விட்டுக் காற்றை இழுக்கும்.

வண்டல்மண் | வியாழன், இரவு 8:15

அப்படியே செய்கிறேன் ஐயா. ஒரு சந்தேகம். டேங்க் ஓரத்தில் ஊசிமுனை அளவு இரண்டு இடத்தில் கசிகிறது. காலியாகத்தானே இருக்கிறது, பக்கத்து வெல்டிங் கடையில் ஒரு பொட்டு வைத்துவிடலாமா?

பழையபட்டறை | வியாழன், இரவு 8:19

வேண்டாம்! காலி டேங்க்தான் ஆபத்து.

நிறைந்த டேங்கில் காற்றுக்கு இடமில்லை. காலி டேங்கில் டீசல் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும், சுவரில் ஒட்டிய டீசலும் மடிப்பில் கசிந்த டீசலும் சூடு பட்டதும் ஆவியாகிக்கொண்டே வரும். பெட்ரோல் அளவுக்கு டீசல் சட்டென்று பற்றாது என்கிற தைரியத்தில்தான் இதில் ஆள் போவது. வாசனை இல்லை, காய்ந்துவிட்டது என்பதெல்லாம் கணக்கில் இல்லை. நான் தொழில் பழகிய காலத்தில் கூட வேலை பார்த்த ஒருவருக்கு இடது கை விரல்கள் இப்படித்தான் போயின. அதற்குமேல் எழுத மனம் வரவில்லை.

டேங்க் வேலையே தொழிலாக, நீராவி விட்டுக் கழுவிச் செய்கிற கடைக்குக் கொண்டுபோங்கள். தகரம் பல இடத்தில் மெலிந்திருந்தால் வேறு டேங்க் பாருங்கள்.

கொங்குக்காடு | வியாழன், இரவு 8:45

உள்ளே பூசுகிற கோட்டிங் கிடைக்கிறதே?

பழையபட்டறை | வியாழன், இரவு 9:02

துருவைச் சுத்தமாக எடுக்காமல் பூசினால் ஒரு வருஷத்தில் தோல் தோலாக உரியும். அப்புறம் அந்தத் தோலைத் தேடிக்கொண்டு இதே இடத்துக்கு வருவீர்கள்.

வண்டல்மண் | சனி, பகல் 11:30

டேங்க் வேலை செய்கிற கடைக்காரர் பற்றவைத்துக் கொடுத்துவிட்டார். கழுவியாயிற்று, நாலாவது தடவை துணி வெள்ளையாகவே இருந்தது. புது ஹோஸ், புது காக், தலையில் பித்தளை வலை. மாட்டியும் ஆயிற்று. ஏர் எடுக்கிற வரிசையை ஒருமுறை சொல்லுங்கள், போன தடவை தப்பாகச் செய்தேனோ என்று சந்தேகம்.

அறுவடைவண்டி | சனி, பகல் 11:48

டீசல் போகிற வழியிலேயே போகவேண்டும், அவ்வளவுதான். காக்கைத் திறந்து, முதல் ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்ப்பில் இருக்கிற கைப்பம்ப்பை அடியுங்கள். நுரையாக வரும், பிறகு முட்டை முட்டையாக வரும், பிறகு கட்டியாக டீசல் வரும். அடித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை இறுக்குங்கள். அடுத்து இரண்டாவது ஃபில்டர், அடுத்து பெரிய பம்ப். அதன் பிறகும் எடுக்கவில்லை என்றால் நாசில் நட்டை அரைச்சுற்றுத் தளர்த்தி செல்ஃப் அடிக்கலாம். கழற்றிய இடத்துச் செம்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள். இல்லையென்றால் பழையதைச் சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் போட்டால் இளகிவிடும்.

மண்ணும்மருந்தும் | சனி, பகல் 12:05

நாசில் பைப் பக்கம் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள். அங்கே அழுத்தம் 200 பார் அளவுக்குப் போகும், டயர் காற்றைப்போல 100 மடங்கு. ஊசி மாதிரித் தோலுக்குள் இறங்கிவிடும். வெளியே எறும்பு கடித்த புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படி ஆனால் வலிக்கிறதா என்று காத்திருக்காமல் அன்றே பெரிய ஆஸ்பத்திரி. கசிவு பார்க்க ஒரு அட்டையைப் பிடித்தால் போதும், கறை விழும்.

வண்டல்மண் | ஞாயிறு, இரவு 7:10

காலை 6 மணிக்கு இறக்கி 10:30-க்கு ஏற்றினேன். நடுவில் ஒரு தடவைகூட அணையவில்லை. நாலரை மணி நேரம்! நாளை நடவு.

பம்ப்பைக் கழற்றச் சொன்னவரிடம் அந்தப் பிளாஸ்டிக் துண்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு 'அப்படியா' என்றார். அதோடு சரி.

கழுவிய அழுக்கு டீசல் 20 லிட்டர் இருக்கிறது. வாய்க்காலில் ஊற்ற மனமில்லை.

பழையபட்டறை | ஞாயிறு, இரவு 7:25

ஊற்றவே கூடாது, கீழ்மடைக்காரர் நாற்று என்னாவது? கேனை ஒரு வாரம் அசைக்காமல் மூலையில் வையுங்கள். மேலே தெளிந்ததைத் துருப்பிடித்த கொழு, போல்ட்டு ஊறவைக்க வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்குத் திரும்ப ஊற்றாதீர்கள். அடி மண்டியைப் பழைய ஆயிலோடு சேர்த்து, ஆயில் எடுக்க வருகிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். பாதி டேங்காக நிறுத்தினால் ராத்திரிக் குளிரில் உள்சுவர் வேர்த்துத் தண்ணீர் இறங்கும்.

கரிசல்துண்டு | ஞாயிறு, இரவு 7:40

எல்லாம் சரி, மூடி வாங்கினீர்களா, இல்லை புதுக் கவரா?

வண்டல்மண் | ஞாயிறு, இரவு 7:52

வாங்கிவிட்டேன், வாங்கிவிட்டேன். 180 ரூபாய். இரண்டு வருஷமாக வாங்காமல் விட்டது.

பழையபட்டறை | ஞாயிறு, இரவு 7:55

காற்று ஓட்டை இருக்கிறதா பார்த்தீர்களா? சில மூடியில் பெயிண்ட் அடித்து அடைத்துவிடுகிறார்கள்.

வண்டல்மண் | ஞாயிறு, இரவு 8:03

இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். அடைத்துத்தான் இருக்கிறது ஐயா. ஊசி எடுக்க வீட்டுக்குள் போகிறேன்.